உங்கை என்றொரு இடம்

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் முடியும் இடத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கு இருந்தது. அதை வாடகைக்கு எடுத்துத் தன் பட்டறையாக்கிக்கொண்டார் யூனிஸ் என்ற கலைஞர்.

அவர் சிலை செய்வதில்லை. படம் வரைவதும் இல்லை. அறைகள் செய்வார். வெறும் அறைக்குள் ஒரு கயிற்றையோ கண்ணாடியையோ ஒரு குரலையோ வைப்பார். உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது கொஞ்சம் மெதுவாக நடப்பார்கள். அவ்வளவுதான் அவர் கலை.

யூனிஸுக்கு நாற்பது வயது. அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருத்தி சிவயோகம். அவள் ஐம்பதைத் தாண்டியவள். ஆசிரியை அவளை அக்கா என்பார். அவள் ஆசிரியையை டீச்சர் என்பாள். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

சிவயோகம் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு தீவில் பிறந்தவள். சண்டைக் காலத்தில், பாவாடை சட்டை போடும் வயதில், படகேறி இந்தக் கரைக்கு வந்தவள். அன்றிலிருந்து அகதி முகாம்தான் வீடு. கல்யாணம் அங்கே நடந்தது. கணவனைப் பறிகொடுத்ததும் அங்கேதான். தையல் மெஷின் வைத்துப் பிழைத்தாள். மிஞ்சும் துண்டுத் துணிகளில் சின்னச் சின்ன வீடுகளைத் தைப்பாள். ஒருமுறை முகாமுக்கு வந்த யூனிஸ் அவற்றைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

“யார் வீடுக்கா இதெல்லாம்?”

“யார் வீடும் இல்ல டீச்சர். சும்மா தைக்கிறது.”

“அப்ப பட்டறைக்கு வந்து சும்மா தைங்க.”

அப்படித்தான் அவள் வந்து சேர்ந்தாள்.

அவள் பேச்சில் தீவு இல்லை. பஸ்ஸிலும் கடையிலும் பட்டறையிலும் இந்த ஊர்த் தமிழையே பேசினாள். கண்டக்டர்கூட அவளை உள்ளூர்க்காரி என்றுதான் நினைப்பார். முகாமின் கேட்டுக்குள் காலை வைத்ததும் வேறு தமிழ் வரும். அந்தத் தமிழ் கேட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

தை மாதம் பட்டறையில் கண்காட்சி வைப்பதாக முடிவானது. மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. சிவயோகத்துக்குக் கடைசியில் இருந்த நீள அறை கிடைத்தது. அவள் அதில் வாரக்கணக்கில் வேலை செய்தாள். ஒரு சுவரில் பெரிதாக ‘இங்கே’ என்று எழுதினாள். எதிர்ச் சுவரில் ‘அங்கே’ என்று எழுதினாள். பிறகு இரண்டுக்கும் இடையே போவதும் வருவதுமாக இருந்தாள்.

ஒரு மத்தியானம் ஆசிரியையைக் கூப்பிட்டாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“இது நான் இருக்கிற ஊரு. அது நான் விட்டுட்டு வந்த ஊரு. இந்தச் சுவர்கிட்ட நின்னா, நீ அந்தப் பக்கத்து ஆளுன்னு சொல்லுது. அந்தச் சுவர்கிட்ட போனா, நீதான் எப்பவோ போயிட்டியேங்குது. இதுல எது டீச்சர் என் சுவர்?”

யூனிஸ் இரண்டு சுவர்களையும் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“இந்த அறையில உக்கார ஒண்ணுமே இல்லியே,” என்றார். வெளியே போய்த் தேக்குப் பெஞ்சு ஒன்றைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். “எங்க போடட்டும்?”

“இங்க போடுங்க டீச்சர்.”

யூனிஸ் அவள் காலடியில் கொண்டுபோய்ப் போட்டார். சிவயோகம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சரியாக இல்லை.

“அங்க போட்டா?”

யூனிஸ் எதிர்ச் சுவருக்குத் தூக்கிப் போனார். அதுவும் சரியாக இல்லை. மறுபடி தூக்கினார். அறையின் நடுவுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“கை வலிக்கிக்கா. எங்கன்னு சொல்லுங்க.”

சிவயோகம் இந்தச் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவரைப் பார்த்தாள். பெஞ்சின் ஒரு முனை வழுக்கி இறங்கியது.

“உங்கை வையுங்கோ ரீச்சர்! கெதியா! காலில விழப்போகுது!”

யூனிஸ் நின்ற இடத்திலேயே பெஞ்சை இறக்கினார்.

சிவயோகம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன சொன்னிய?” என்று கேட்டார் யூனிஸ்.

“அங்கன்னு சொன்னேன்.”

“அங்கன்னு சொல்லல. உங்கைன்னு சொன்னிய. நான் என் கையைச் சொல்லுதியன்னு நெனச்சேன்.”

சிவயோகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. அவள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பிறகு பேசியது முகாமுக்குள் பேசும் தமிழ்.

“அது எங்கட சொல்லு ரீச்சர். இங்கை எண்டா எனக்குக் கிட்ட. அங்கை எண்டா எனக்கும் தூரம், உங்களுக்கும் தூரம். உங்கை எண்டா நீங்கள் நிக்கிற இடம். உது, உவர், உங்கை. நீங்கள் உதுகளைச் சொல்லுறேல்லை.”

யூனிஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அ, இ, உ சுட்டெழுத்து. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிருக்கேன். இப்ப அ, இ ரெண்டும்தான் உயிரோட இருக்கு, உ செத்துப்போச்சுன்னு எங்க தமிழய்யா சொல்லுவாரு.”

“சாகேல்லை ரீச்சர். எங்கட காம்ப்புக்குள்ள இருக்கு.”

யூனிஸ் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“பள்ளிக்கூடத்தில நானும் சொன்னனான்தான்,” என்றாள் சிவயோகம். “வந்த புதுசு. ஒருநாள் ஆரோ கதவைத் தட்டிச்சினம். நான் உள்ளுக்கு இருந்து ‘உதார்?’ எண்டு கேட்டன். உது ஆர் எண்டு. வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. காம்ப் பிள்ளை உதார் விடுறாள் எண்டு பகிடி. அதோட விட்டனான்.”

யூனிஸ் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

“இப்ப நான் எங்க நிக்கேன்?”

“உங்கை.”

கதவருகே போனார். “இப்ப?”

“உங்கைதான்.”

கதவுக்கு வெளியே போய் மறைந்துகொண்டார். அங்கிருந்து சத்தம் கொடுத்தார்.

“இப்ப?”

சிவயோகம் யோசித்தாள்.

“உங்கைதான் ரீச்சர். உங்கட குரல் கேக்குதெல்லே.”

அன்று சாயங்காலமே அவள் இரண்டு சுவர்களையும் வெள்ளையடித்துவிட்டாள். சுவர்களைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. இன்னொரு பெஞ்சைக் கேட்டு வாங்கினாள். இரண்டையும் எதிரும் புதிருமாகப் போட்டாள். நடுவில், கூரையிலிருந்து தரைவரை, மெல்லிய மல் துணி ஒன்றைத் தொங்கவிட முடிவு செய்தாள். ஒரு பெஞ்சில் உட்காருபவர், எதிர்ப் பெஞ்சில் இருப்பவரை நிழலாகத்தான் பார்க்க முடியும். துணியில் வெள்ளை நூலால் ஒரே ஒரு சொல்லைத் தைக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் நிரோஜா முகாமுக்கு வந்தாள்.

நிரோஜா டவுனில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. விடுதியில் தங்கியிருந்தாள். முகாமில் பிறந்தவள். ஆனால் வீட்டுக்குள்ளும் இந்த ஊர்த் தமிழையே பேசுவாள். அவள் மெஷினில் கிடந்த துணியை எடுத்து விரித்தாள்.

“என்னம்மா இது?”

சிவயோகம் சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, துணியை மடித்து வைத்தாள்.

“பேப்பர்காரங்க வருவாங்களா?”

“வருவினம் எண்டுதான் ரீச்சர் சொன்னவா.”

“உங்க பேர் வரும். காம்ப் பேர் வரும். ஸ்கூல்ல எல்லாரும் பாப்பாங்க. நான் எந்த ஊருன்னு அங்க சொல்லிருக்கேன் தெரியுமா?”

“என்னெண்டு?”

“இதே ஊருன்னு.”

“அது பொய்யில்லையே பிள்ளை. நீ இங்கைதானே பிறந்தனீ.”

“பிறந்த ஊர்லயே வெளியூர்க்காரியா இருக்கேன்மா. அது யாருக்கும் தெரிய வேண்டாம். முன்னாடி இருந்த ஸ்கூல்ல தெரிஞ்ச பிறகு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்.”

சிவயோகத்துக்குத் தெரியும். அப்போது மகள் மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் பட்டறைக்குப் போனபோது, யூனிஸ் அறை வாசலில் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். ‘சிவயோகம்’ என்று அழகாக எழுதியிருந்தது. அதன் கீழே முகாமின் பெயர்.

“நல்லாருக்காக்கா?”

“நல்லாருக்கு. கழட்டுங்கோ ரீச்சர்.”

யூனிஸின் முகம் வாடியது. அதை அவரால் மறைக்க முடியவில்லை. சிவயோகம் மகள் சொன்னதைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் யூனிஸ் ஸ்டூலில் ஏறி, பலகையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

“சொல்லு மட்டும் இருக்கட்டும். ஆர் சொன்னதெண்டு வேண்டாம்,” என்றாள் சிவயோகம். பிறகு கேட்டாள்: “பேர் இல்லாம ஒளிச்சிருக்கிறது பிழையோ ரீச்சர்?”

யூனிஸ் ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“நான் பம்பாய்ல படிச்சேன்லா. ஹாஸ்டல்ல எல்லாரும் எந்த ஊருன்னு கேப்பாங்க. எங்க ஊர் பேரைச் சொன்னா, அது எங்க இருக்குன்னு கேப்பாங்க. அதைச் சொன்னா அடுத்தது கேப்பாங்க. ஒருநாள் மெட்ராஸ்னு சொல்லிட்டேன். கேள்வி நின்னுபோச்சு. படிச்சு முடிக்கிற வரைக்கும் மெட்ராஸ்காரியாத்தான் இருந்தேன். மெட்ராஸ்ல எனக்கு ரயில்வே ஸ்டேஷன் மட்டும்தான் தெரியும்.”

சிவயோகம் சிரித்தாள். “பிறகு?”

“பிறகு என்ன? எங்கப்பா என்னைப் பாக்க வந்தாரு. ரூம்ல இருந்த பிள்ளையள்ட்ட, ‘எல்லாரும் சாப்டியளா’ன்னு கேட்டாரு. அவரு வாயைத் தொறந்ததும் எனக்கு ஊர் வந்துருச்சு.”

“அப்ப என்ர பிள்ளைக்கு?”

“அது உங்க பிள்ளைட்ட இருக்கு. நம்ம அவசரப்பட வேண்டாம்.”

பலகை இல்லாமலே அறை திறக்கப்பட்டது.

கண்காட்சிக்கு நிறையப் பேர் வந்தார்கள். அந்த அறைக்கு ஒரு சிக்கல் இருந்தது. தனியாக வருகிறவர்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே யாரும் இல்லாத துணியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் சிவயோகம் எதிர்ப் பெஞ்சில் போய் உட்காரத் தொடங்கினாள். வருகிறவர்களுக்கு அவள் ஒரு நிழல். அவளுக்கு அவர்கள் ஒரு நிழல். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சிலர் வெகுநேரம் இருந்தார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள். ஜெபராணி என்ற ஆசிரியை இறங்கினார். அவர் பின்னால் நிரோஜா இறங்கினாள். பள்ளி எந்தக் கண்காட்சிக்குப் போகிறது என்று வேனில் ஏறிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. இறங்காமல் இருக்கக் காரணம் சொல்ல முடியவில்லை.

பிள்ளைகள் ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு கடைசி அறைக்கு வந்தார்கள். சிவயோகத்துக்கு அவர்கள் எந்தப் பள்ளி என்று தெரியாது. துணிக்கு மறுபுறம் சின்ன நிழல்கள் நெருக்கியடித்து உட்காருவது மட்டும் தெரிந்தது.

ஒரு பையன் எழுத்துக் கூட்டி வாசித்தான். “உங்... கை. மிஸ், ஸ்பெல்லிங் மிஸ்டேக்!”

“உங்கள் கைன்னு தைக்க வந்திருப்பாங்க. துணி பத்தாம போயிருக்கும்,” என்றார் ஜெபராணி. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு அந்த நீள அறையில் பட்டுத் திரும்பி வந்தது.

சிவயோகம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

நிரோஜா கடைசியாக நின்றிருந்தாள். அவள் துணியைப் பார்த்தாள். துணிக்குப் பின்னால் குனிந்திருந்த தலையைப் பார்த்தாள். அந்தத் தலை எந்த வேளையில் அப்படிக் குனியும் என்று அவளுக்குத் தெரியும்.

“மிஸ்டேக் இல்ல,” என்றாள்.

பிள்ளைகள் திரும்பினார்கள்.

“அது ஒரு இடம். நான் நிக்கிறது இங்கை. நம்ம ஸ்கூல் அங்கை. துணிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நம்மளப் பாத்துட்டு இருக்காங்கல்ல? அது உங்கை.” பழக்கமில்லாத சொற்கள். அவள் நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது.

“உங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்?” என்று கேட்டாள் ஒரு பெண்.

நிரோஜா துணிக்குப் பின்னால் இருந்த தலையை மறுபடி பார்த்தாள். ஜெபராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா பேசுற தமிழ் அது,” என்றாள். “நாங்க சிலோன்ல இருந்து வந்தவங்க. எங்க வீடு காம்ப்ல இருக்கு.”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்பெல்லிங் மிஸ்டேக் என்று கத்திய பையனுக்கு மட்டும் அது எதுவும் பெரிதாகப் படவில்லை. அவன் துணிக்கு அருகே போய், மூக்கு துணியில் படும்படி நின்றுகொண்டு, புதுச் சொல்லைச் சொல்லிப் பார்த்தான்.

“உங்கை யாரு?”

துணிக்கு மறுபுறம் நிழல் நிமிர்ந்தது.

“சிவயோகம்,” என்றது குரல்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் தன் பெயரைச் சொன்னாள்.

ஜெபராணி பிள்ளைகளை வரிசையாக வெளியே அழைத்துப் போனார். வேனில் ஏறும்போது அவர் நிரோஜாவின் பக்கத்து இருக்கையில் உட்காரவில்லை. முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஜன்னலோரம் இருந்த நிரோஜா, வாசலுக்கு வந்து நின்ற அம்மாவைப் பார்த்துக் கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினாள். வேன் உப்பளச் சாலையில் போய் மறைந்தது.

சிவயோகம் வாசலிலேயே நின்றாள். யூனிஸ் வந்து அவள் அருகே நின்றார்.

“கேட்டனீங்களோ ரீச்சர்?”

“கேட்டேன்.”

“நான் சொல்லச் சொல்லேல்லை. அவளாத்தான் சொன்னவள்.”

“ஆமா.”

“அந்த மற்ற ரீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போறா. பார்த்தனீங்களோ?”

“பாத்தேன்.”

“இனி அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில கஷ்டம் வருமோ?”

“வரலாம்க்கா. வராமலும் போகலாம்.”

சிவயோகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் மகள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டது அன்றுதான். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே கூட்டம் இன்னும் இருந்தது. சென்னையிலிருந்து வந்த இரண்டு பேர் ஆசிரியையைப் பார்க்கக் காத்திருந்தார்கள். யூனிஸ் அவர்களிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு, ஸ்கூட்டர் சாவியோடு திரும்பி வந்தார்.

“ஏறுங்கக்கா.”

“எங்கை?”

“பிள்ளை ஸ்கூல் விட்டு வரும்போது ஹாஸ்டல் வாசல்ல நம்ம இருக்கணும்.”

“அவையள் உங்களைப் பார்க்க இருக்கினம்.”

“இருக்கட்டும்.”

சிவயோகம் ஏறவில்லை. அவள் குரல் இறங்கியிருந்தது.

“நீங்கள் வந்து என்ன செய்யப்போறியள் ரீச்சர்?”

யூனிஸ் வண்டியைக் கிளப்பினார்.

“எனக்கு என்ன தெரியும்? நீங்க எங்க நிக்கச் சொல்லுதியளோ, அங்க நிப்பேன்.”